இல்லாதவர்களுக்கு ஒரு உருண்டை

பெலாகியாவுக்குப் பெயர் இரண்டு. ஒன்று சோறு போடும், இன்னொன்று உயிரை வாங்கும்.

சோறு போடும் பெயரைத்தான் ஓல்ஷினா கிராமம் முழுக்கக் கூப்பிட்டது. உயிரை வாங்கும் பெயர் கிட்லா. அதை மனசுக்குள்கூட அவள் சொல்லிப் பார்ப்பதில்லை. தூக்கத்தில் உளறித் தொலைத்தால் யார் பதில் சொல்வது?

போலந்தை ஜெர்மன்காரன் பிடித்து வருஷங்கள் ஓடியிருந்தன. யூதரை வீட்டில் வைத்திருந்தால் அந்த யூதருக்கும் குண்டு, வீட்டுக்காரருக்கும் குண்டு, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் குண்டு. காட்டிக் கொடுப்பவனுக்கு ஒரு மூட்டை சர்க்கரை. இதைச் சந்தைச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். சர்க்கரை மட்டும் இன்னும் கொஞ்சம் கொட்டையாக இருந்தது.

கிட்லாவின் அப்பா டவுனில் உப்புமீன் வியாபாரி. கடையில் பாதி இடம் மீன் பீப்பாய்க்கு, மீதி இடம் அவள் வாய்க்கு என்று தெருவில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட வாய். யூதர்களை எல்லாம் ஒரே தெருவில் வேலி போட்டு அடைத்து, பிறகு தெருவோடு ரயிலேற்றிக்கொண்டு போன அன்று, அவள் வேலிக்கு அந்தப் பக்கம் ஜெர்மன்காரனுக்குத் துணி வெளுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தெரு இருந்தது, ஆட்கள் இல்லை. அப்பா, அம்மா, புருஷன் லேய்செர், அக்கா டோபா, டோபாவின் கைக்குழந்தை. ஒருத்தரும் இல்லை.

நடந்தாள். அப்பாவிடம் மீன் வாங்க வரும் மார்சியன்னா என்ற விதவையின் வீடுதான் நினைவுக்கு வந்தது. கதவைத் தட்டினாள். மார்சியன்னா திறந்து, மேலும் கீழும் பார்த்து, "உங்கப்பா எனக்கு எப்பவும் ஒரு மீன் கூடப் போடுவாரு. என்னய்யா இதுன்னா, 'அது எண்ணத் தெரியாத மீனும்மா, தானா வந்து விழுந்துருச்சு'ம்பாரு. உள்ள வா, கால் சேறு," என்றாள். அவ்வளவுதான். சாகத் துணிந்த பெண்பிள்ளை வேறு ஏதாவது பெரிதாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள் வேறு.

மறுநாள் மார்சியன்னாவே கதை கட்டினாள். செத்துப்போன புருஷனுக்குத் தூரத்துத் தங்கச்சி, பெலாகியா. மேற்கே தூரத்தில் இருக்கும் போஸ்னான் நகரத்துப் பக்கத்தில் இருந்து ஜெர்மன்காரன் துரத்திவிட்டான். அந்தப் பக்கத்து ஜனங்களை வண்டி வண்டியாக அப்படித்தான் துரத்திக்கொண்டிருந்தார்கள், அதனால் கதை நின்றது. அதைவிட முக்கியம், ஓல்ஷினாவில் ஒருத்தரும் போஸ்னானைக் கண்ணால் பார்த்ததில்லை. எது செய்தாலும் "எங்க போஸ்னான்ல இப்படித்தான்" என்று சொல்லித் தப்பிக்கலாம்.

பெலாகியாவும் சும்மா விடவில்லை. யூத வீட்டு முறைப்படி, கறி தின்றுவிட்டுப் பாலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டார்கள். போஸ்னானில் அப்படித்தான். யூதருக்கு ஓய்வுநாளான சனிக்கிழமை தலை வார மறந்தாள். போஸ்னான். போகப் போக ஊர்க்காரர்களுக்குப் போஸ்னான்காரர்கள் மேல் ஒரு பரிதாபமே வந்துவிட்டது. "பாவம், அந்த ஊர்ல தண்ணி சரியில்ல போலருக்கு," என்று பேசிக்கொண்டார்கள்.

பொய் சொன்னாலும் சுத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது அவள் கொள்கை. யூதருக்கு ஆகாத பன்றிக்கொழுப்பை முதல் தடவை தின்றபோது முகம் சுளிக்கவில்லை, இன்னொரு துண்டு கேட்டாள். கோயிலில் சிலுவை போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கிறிஸ்துமஸ் பாட்டை அவள் பாடியதைக் கேட்டுப் பங்குச் சாமியார், "மத்தவங்களும் இப்படிப் பாடினா என்ன? வாடகைக்கா வாய வெச்சிருக்கீங்க?" என்று திட்டினார். பெலாகியா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

வாயை அவளால் ஆள முடிந்தது. முகத்தை ஆள முடிந்தது. கையை மட்டும்தான் மறந்து போனாள்.

சனிக்கிழமை ஓல்ஷினாவில் ரொட்டி சுடும் நாள். ஜெர்மன்காரன் வீட்டில் மாவு அரைக்கக் கூடாது என்று கைத்திரிகைகளை எல்லாம் பறித்துக்கொண்டு போயிருந்தான். பறித்தது பாதி. மீதி எருக்குழிக்கு அடியிலும் சவப்பெட்டிப் பலகைக்கு அடியிலும் பத்திரமாக இருந்தது. ஊரே கூட்டாகப் பொய் சொல்லப் பழகியிருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் உதவும்.

அன்று எதிர்வீட்டுத் தியோஃபிலாவின் அடுப்பு விரிசல் விட்டிருந்ததால், அந்தக் கிழவி தன் மாவுத்தொட்டியைத் தூக்கிக்கொண்டு மார்சியன்னா வீட்டுக்கு வந்திருந்தாள். கூட இரண்டு பெண்கள். அடுப்பு தகதகவென்று எரிந்தது. பெலாகியா தொட்டியில் கையை முழங்கை வரை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். பேச்சு எருமை மாதிரி ஆடி அசைந்து போனது. யாருடைய பன்றி தொலைந்தது, யாருடைய பெண் யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று.

மாவு பதமானது. அவள் கை, அவளைக் கேட்காமல், ஒரு நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி எடுத்தது. அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. கை அதை அடுப்பு நெருப்பில் வீசியது.

அம்மா செய்வாள். அம்மாவின் அம்மா செய்வாள். மாவு பிசைந்தால் முதல் கிள்ளு கடவுளுக்கு, அது நெருப்புக்குப் போய்விட வேண்டும். யூத வீட்டுப் பெண்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விட்டதற்கு மாட்டிக்கொள்வோம் என்று யார் நினைப்பார்?

அடுப்பில் ரொட்டி தள்ள மார்சியன்னா எடுத்த துடுப்பு அப்படியே நின்றது.

"என்னடி அது?" என்றாள் தியோஃபிலா. "இந்தப் பஞ்சத்துல மாவத் தூக்கி நெருப்புல போடற?"

பெலாகியா வழக்கம்போலப் போஸ்னான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதுவும் வந்தது, பின்னாலேயே வேறொன்றும் வந்தது.

"எங்க போஸ்னான்ல இப்படித்தான் பெரியம்மா. வீட்டுல இல்லாதவங்களுக்குப் போடறது. எங்கயோ இருக்காங்க, சாப்டாங்களோ என்னவோ. அவங்க பங்கு."

இதில் முதல் பாதி பச்சைப் பொய். இரண்டாவது பாதி பொய்யா என்பது அவளுக்கே தெரியவில்லை. சொல்லும்போது டோபாவின் குழந்தை கண்முன் வந்தது.

தியோஃபிலா நெருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு இரண்டு மகன்கள். இளையவன் ஷிமெக்கை ஜெர்மனிக்கு அடிமை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஊருக்கு இத்தனை ஆள் என்று கேட்டபோது, ஊர்த்தலைவரின் எடுபிடியாக இருந்த மூத்தவன் வாலென்டிதான் தம்பி பெயரைச் சொல்லிக் கொடுத்தான் என்று ஊரில் பேச்சு. கிழவியிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது.

கிழவி தன் தொட்டிக்குப் போனாள். ஒரு கிள்ளு எடுத்தாள். அதன் மேல் சிலுவை போட்டாள். "ஷிமெக்குக்கு," என்று நெருப்பில் போட்டாள். பிறகு சால்வை நுனியில் மூக்கைச் சிந்திவிட்டு, "வாலென்டிகிட்ட யாரும் சொல்லிராதீங்க. மாவ வீணாக்கறேன்னு குதிப்பான்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை இன்னும் நாலு வீட்டில் ஆரம்பித்தது. காணாமல்போன புருஷன், சிறையில் இருக்கும் அண்ணன், சண்டையில் செத்த மகன். அந்தக் காலத்தில் ஆள் குறையாத வீடு ஏது? பனி உருகுவதற்குள் ஊரில் பாதி அடுப்பு உருண்டை தின்ன ஆரம்பித்துவிட்டது.

"அடியே," என்றாள் மார்சியன்னா, வீட்டில் யாரும் இல்லாதபோது. "உன்ன மறைச்சு வெக்கச் சொன்னா, நீ ஊரையே உங்க ஆளா மாத்திட்ட."

"ஒரு உருண்டைதானேக்கா."

"இன்னிக்கு உருண்டை. நாளைக்கு என் பன்னிய விக்கச் சொல்லுவ."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

விஷயம் வாலென்டி காதுக்குப் போகாமல் இருக்குமா? போனது, ஆனால் பாதிதான் போனது. கள்ளச்சாராயக் கடையில் எவனோ, "அந்தப் போஸ்னான்காரி மாவைக் கிள்ளி நெருப்புல போடறாளாம், என்ன கூத்தோ," என்று சொல்லிவைத்தான். தன் அம்மா அதே கூத்தைச் செய்வது வாலென்டிக்குத் தெரியாது. ரொட்டி சுடும் நாளில் அவன் வீட்டில் இருந்ததே இல்லை, சுட்ட பிறகு தின்ன மட்டும் வருவான்.

ஆனால் வாலென்டி சண்டைக்கு முன்னால் டவுனில் ஒரு யூதச் சத்திரத்தில் வண்டி ஓட்டியவன். அந்த வீட்டம்மா மாவைக் கிள்ளி நெருப்பில் போடுவதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். கோப்பையைக் கீழே வைத்தான். கண்ணில் சர்க்கரை தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், மார்சியன்னா வீட்டு வாசலில் ஜெர்மன் போலீஸ்காரன் ஒருவன் சைக்கிளைச் சாய்த்தான். பின்னால் வாலென்டி, கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி தலையைப் படிய வாரிக்கொண்டு.

மார்சியன்னாவின் குழந்தைகள் அடுப்போரம் உட்கார்ந்து மாவில் எலி செய்து விளையாடிக்கொண்டிருந்தன. பெலாகியாவின் கை தொட்டிக்குள் இருந்தது. ஜன்னல் வழியாக ஓடலாம், காடு பக்கம்தான். ஓடினால் அந்தக் குழந்தைகள் இரண்டும் செத்தன. கையை எடுக்காமல் பிசைந்துகொண்டே இருந்தாள்.

போலீஸ்காரன் அரைகுறை இல்லாமல் நல்ல போலிஷ் பேசினான்.

"நீதான் போஸ்னான்காரியா?"

"ஆமாங்க துரை."

"மாவைக் கிள்ளி நெருப்புல போடுவியாமே. போடு, பார்க்கறேன்."

போட்டால் யூதச்சி. போடாவிட்டால் மறைக்கிற யூதச்சி. வாலென்டி பல்லைக் காட்டினான். அந்தப் பல்லைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. அம்மாவின் கையை, அம்மாவின் அம்மாவின் கையை, இந்தக் குதிரைவண்டிக்காரன் முன்னால் ஒளித்துவைப்பதா? கிள்ளினாள். ஒவ்வொரு வாரமும் எப்படியோ அப்படியே, அவசரப்படாமல் உருட்டினாள். நெருப்பில் போட்டாள். உதடு அசையவில்லை. ஆனால் உள்ளே எல்லாச் சொல்லும் வரிசை தப்பாமல் ஓடியது.

"பாத்தீங்களா துரை!" என்றான் வாலென்டி. "சுத்த யூதப் பழக்கம். நான் கண்ணால பாத்தவன்."

"நீ என்ன சொல்ற?" என்று போலீஸ்காரன் அவளைக் கேட்டான். பிறகு மெதுவாக, "சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நான் பொறந்து வளர்ந்ததே போஸ்னான் பக்கத்துலதான். அங்க எந்த வீட்டுலயும் இத நான் பார்த்ததில்ல," என்றான்.

இத்தனை நாளும் அவளைத் தாங்கிக்கொண்டிருந்த போஸ்னான், ஒரே மூச்சில் மண்ணாகிப் போனது.

"போஸ்னானா?" மார்சியன்னா துடுப்பைக் கீழே ஊன்றினாள். குரலில் எரிச்சல். "யாரு சொன்னா போஸ்னான் பழக்கம்னு? இது எங்க ஊர்ப் பழக்கம் துரை. இவ வந்தப்போ இவளுக்கு ரொட்டி சுடவே தெரியாது. நான்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தேன்."

"பொய்!" என்று வாலென்டி கத்தினான். "இந்த ஊர்ல எவளும் இப்படிச் செய்யமாட்டா! நான் இங்கயே பொறந்தவன். எந்த வீட்டுல வேணும்னாலும் போய்ப் பாருங்க!"

"எந்த வீட்டுலயும்?" என்றான் போலீஸ்காரன். வாசல் வழியாக எட்டிப் பார்த்தான். எதிர்வீட்டுப் புகைபோக்கியில் புகை. "அது யார் வீடு?"

"அது... அது எங்க வீடுதான் துரை."

"நல்லதாப் போச்சு. வா."

தெருவைக் கடந்தார்கள். மார்சியன்னாவையும் பெலாகியாவையும் முன்னால் நடக்க விட்டான். தெருவில் அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தன.

தியோஃபிலா மாவுக் கையோடு நிமிர்ந்தாள். போலீஸைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். பெலாகியாவின் முகத்தைப் பார்த்தாள், அங்கே பார்வை கொஞ்சம் அதிகநேரம் நின்றது. வாழ்நாளில் பொய் சொல்லாதவள் என்று பெயர் எடுத்த கிழவி. கைத்திரிகை எங்கே என்று கேட்டால்கூட, பொய் சொல்ல வேண்டாம் என்று செவிடு மாதிரி நடிப்பாள்.

"கிழவி, மாவுல முதல் கிள்ளு எடுத்து என்ன செய்வே?"

"ஏன், நெருப்புல போடுவேன்." கிள்ளினாள், சிலுவை போட்டாள். மகன் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு, "ஷிமெக்குக்கு," என்று போட்டாள்.

வாலென்டியின் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ வேலைக்குப் போய்விட்டது.

"எத்தனை நாளா செய்யற?"

"எத்தனை நாளாவா? நான் எங்கம்மா இடுப்புல இருந்தப்போலருந்து. எங்கம்மா செஞ்சா, அவங்கம்மா செஞ்சா. இவன் அடுப்புப் பக்கம் எட்டிப் பாத்திருந்தால்ல தெரியும்? திங்க மட்டும் வருவான், தடிமாடு."

போலீஸ்காரன் சிரிக்க ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பு யாருக்கும் பிடிக்கவில்லை. வாலென்டியின் தோளில் கை போட்டான்.

"என்னடா வாலென்டி, உங்கம்மாவும் யூதச்சியா? அம்மா யூதச்சின்னா, மகன் யாரு? சொல்லு. உனக்குத்தான் இந்த விஷயமெல்லாம் நல்லாத் தெரியுமே."

"ஐயோ துரை! இல்ல துரை! நான்... அது வந்து... எல்லா ஊர்லயும் செய்யறதுதான் துரை. நான்தான் தப்பா..."

"எல்லா ஊர்லயுமா? அப்புறம் எதுக்குடா என்னை இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்க வெச்ச?"

அறை ஒன்று விழுந்தது. சத்தம் தெருக்கோடி வரை கேட்டது என்பார்கள். திறந்திருந்த கதவுகள் எல்லாம் மெல்ல மூடிக்கொண்டன, உள்ளே போய்ச் சிரிப்பதற்கு. போலீஸ்காரன் முதல் ஈட்டில் வெந்து முடிந்ததில் தியோஃபிலா வீட்டில் இரண்டு ரொட்டி, மார்சியன்னா வீட்டில் இரண்டு ரொட்டி எடுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். மாவு எங்கே அரைத்தது என்று கேட்கவில்லை. ரொட்டி சூடாக இருந்தது காரணமாக இருக்கலாம்.

வீட்டுக்குள் வந்ததும் பெலாகியா சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி, மயக்கம் போட்டு விழறதும் போஸ்னான் பழக்கமா?" என்றாள் மார்சியன்னா. சொல்லிவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வாலென்டி அதற்குப் பிறகு மார்சியன்னா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உருண்டை என்ற சொல் காதில் விழுந்தாலே வேறு தெரு வழியாகப் போனான். அடுத்த வாரம் தியோஃபிலா, அடுப்பு நன்றாக இருக்கும்போதே, மாவுத்தொட்டியைத் தூக்கிக்கொண்டு மார்சியன்னா வீட்டுக்கு வந்தாள். பெலாகியாவின் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காத மாதிரி, "நீ போடறப்போ வாய்க்குள்ள என்னமோ சொல்லுவியே, அதையும் எனக்குச் சொல்லிக் குடு. அரைகுறையாச் சொன்னா ஷிமெக்குக்குப் போய்ச் சேருமோ சேராதோ," என்றாள்.

பெலாகியா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கிழவி மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீளமா இருக்கும் பெரியம்மா."

"எனக்கு என்ன அவசரம்?"

சொல்லிக் கொடுத்தாள். இரண்டாயிரம் வருஷத்து எபிரேய வார்த்தைகளைத் தியோஃபிலா பல்லில்லாத வாயில் போட்டு மென்று, கடைசியில் சிலுவை போட்டு முடித்தாள். கடவுளுக்கு அன்று நிச்சயம் குழப்பமாக இருந்திருக்கும். ஆனால் அவர் இதைவிடக் குழப்பமானதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

கோடையில் ஜெர்மன்காரன் ஓடினான். ரஷ்யப் பீரங்கிகள் தூசி கிளப்பிக்கொண்டு ஓல்ஷினாவைத் தாண்டிப் போயின. அதற்கு அடுத்து வந்த சனிக்கிழமை, மார்சியன்னா வீட்டு அடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். மாவு பதமாகும் நேரம் பெலாகியா கையைக் கழுவினாள். முதுகை நிமிர்த்தினாள்.

"ஒண்ணு சொல்லணும். என் பேரு பெலாகியா இல்ல. கிட்லா. டவுன்ல உப்புமீன் கடை ஹெர்ஷ் மக. நான் யூதச்சி."

ஒரு பெண் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். திரும்பி வரவில்லை. மற்றவர்கள் அசையவில்லை.

"வந்துட்டா, மழை பேஞ்சா ஈரம்னு சொல்ல," என்றாள் தியோஃபிலா. "கிறிஸ்துமஸ் பாட்ட நீ அப்படிப் பாடினப்பவே எனக்குத் தெரியும். எங்கள்ல எவளாவது அத்தனை நல்லா பாடினது உண்டாடி?"

அடுப்படி சிரிப்பில் குலுங்கியது. கிட்லாவும் சிரித்தாள், அழுதாள், எது எது என்று பிரிக்க முடியவில்லை.

பிறகு ஒரு கிள்ளு எடுத்தாள். அதுவரை வாய்க்குள்ளேயே முணுமுணுத்த சொற்களை முதல்தடவை வாய்விட்டு, முழுக்க, உரக்கச் சொன்னாள். ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டில் வாலென்டி இருந்தான், கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"நில்லு," என்றாள் தியோஃபிலா. "உங்கப்பா பேரு என்ன சொன்ன? ஹெர்ஷா?" தன் தொட்டியில் கிள்ளினாள். "ஹெர்ஷுக்கு."

"எண்ணத் தெரியாத மீன்காரருக்கு," என்று மார்சியன்னாவும் ஒன்று கிள்ளிப் போட்டாள். "உங்கம்மா பேரு?"

"ரெய்ஸ்லா."

இன்னொரு தொட்டியில் இருந்து ஒரு உருண்டை போனது. கிட்லா பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். லேய்செர். டோபா. டோபாவின் குழந்தை, அதற்குப் பெயர் ஃபைகா, பல் முளைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர். எதிர்த்தெரு முட்டைக்காரி. பெயர் தீரவில்லை. பெண்கள் கிள்ளுவதை நிறுத்தவும் இல்லை.

அந்த வாரம் ஓல்ஷினாவில் ரொட்டி ரொம்பச் சின்னதாகத்தான் வந்தது. ஒருத்தரும் குறை சொல்லவில்லை.